சித்திரை, வைகாசி, ஆனி: சென்னையில் கோடைப் பௌர்ணமியை எப்படிப் பார்ப்பது?

சென்னைக்காரர்களுக்கு ஒரு கொடுப்பினை இருக்கிறது, நாம்தான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஊருக்குக் கிழக்கே கடல், முழுநிலா உதிப்பதும் கிழக்கே. கட்டடமோ மரமோ மலையோ குறுக்கே வராமல் நிலா அடிவானத்திலிருந்து ஏறி வருவதை ஒரு பஸ் டிக்கெட் செலவில் போய்ப் பார்க்கலாம் என்கிற நிலையில் இருந்துகொண்டு, எட்டரை மணிக்கு மொட்டை மாடியில் காயப்போட்ட துணியை எடுக்கப் போகும்போது அண்ணாந்து பார்த்து "ஓ, இன்னிக்குப் பௌர்ணமியா" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிவிடுகிறோம். அப்போது நிலா உச்சிக்குப் பாதித் தூரம் வந்திருக்கும், வெள்ளையாகச் சின்னதாக இருக்கும். பார்க்க வேண்டியது அதற்கு இரண்டு மணி நேரம் முன்னால், நிலா உதிக்கிற அந்த அரைமணி நேரம். சூரியன் ஊர்ப்பக்கம் இறங்கும், நிலா கடல்பக்கம் ஏறும். அந்த அரைமணி நேரத்தைத் தவறவிடாமல் இருப்பதற்குத்தான் இந்த வழிகாட்டி.

நாளைச் சரியாகப் பிடிப்பது

பாதிப் பேர் கோட்டைவிடுவது இங்கேதான். காலண்டரில் முழு வட்டம் போட்ட நாளில் கிளம்பிப் போனால் போதாது. தினசரி காலண்டர் தாளில் திதிக்குப் பக்கத்தில் 'பௌர்ணமி இரவு 10.52 வரை' என்கிற மாதிரி ஒரு நேரம் பொடி எழுத்தில் இருக்கும் பாருங்கள், நமக்கு வேண்டியது அந்த நேரம். சூரியனிலிருந்து நிலா 12 டிகிரி விலகினால் ஒரு திதி. பதினைந்து திதி முடியும்போது விலகல் 180 டிகிரி, அதாவது சூரியன் ஒரு பக்கம், நிலா நேர் எதிர்ப்பக்கம். ஆக, பௌர்ணமித் திதி முடிகிற நேரம்தான் நிலா உண்மையிலேயே முழுமையாகிற நேரம். கோயிலுக்குப் போகிறவர்களுக்குத் திதி தொடங்கும் நேரமும் முக்கியம், நிலா பார்க்கப் போகிறவர்களுக்கு முடியும் நேரம்தான் முக்கியம்.

இப்போது கணக்கு சுலபம். கோடையில் சென்னையில் சூரியன் மறைவது ஏப்ரல் கடைசியில் 6.20-ஐ ஒட்டி, ஜூன் கடைசியில் 6.40-ஐ ஒட்டி. திதி முடியும் நேரம் அதற்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது, ஏனென்றால் அன்றைக்கு மறைவும் உதயமும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் நடக்கும். மதியத்திலிருந்து நள்ளிரவுக்குள் திதி முடிந்தால் யோசிக்கவே வேண்டாம், அன்று சாயங்காலமே போங்கள். பின்னிரவு இரண்டு மூன்று மணிக்கு முடிகிறதென்றால் அதற்கு முந்தைய சாயங்காலம். நிலா சூரியன் மறைவதற்குக் கால்மணி நேரம் முன்பே வந்துவிடும், முதலில் வெளிறிப்போய்த் தெரியும், பரவாயில்லை. விடிந்த பிறகு, காலை எட்டு பத்து மணிக்கு முடிந்தால் அன்று சாயங்காலம். சூரியன் மறைந்து பதினைந்து இருபது நிமிஷம் கழித்து நிலா வரும், வானம் கருநீலமாகி நிலா ஆரஞ்சாக நிற்கும். என்னைக் கேட்டால் இருப்பதிலேயே அழகு இந்த வகைதான், கணக்குப்படி நிலா துளி தேய ஆரம்பித்திருக்கும் என்றாலும் கண்ணுக்கு அது தெரியப் போவதில்லை.

உதாரணத்துக்கு 2026 மே மாதத்தை எடுத்துக்கொள்ளலாம். அந்த ஒரே மாதத்தில் இரண்டு பௌர்ணமி. 1-ஆம் தேதி சித்ரா பௌர்ணமி, நிலா முழுமையாவது இரவு 10.53-க்கு, ஆகவே அன்று சாயங்காலமே சூரியன் மறைவதற்குக் கொஞ்சம் முன்னால் நிலா உதயம். 31-ஆம் தேதி வைகாசிப் பௌர்ணமி, முழுமையாவது பிற்பகல் 2.15-க்கு, உதயம் சூரியன் மறைந்த பிறகு. இரண்டுமே கடற்கரைக்குப் போகத் தோதானவை.

ஒரு எச்சரிக்கை. பழைய சூத்திரங்களை வைத்துக் கணிக்கிற வாக்கியப் பஞ்சாங்கமும், வானத்தில் தெரிவதோடு ஒத்துப்போகும்படி கணிக்கிற திருக்கணிதப் பஞ்சாங்கமும் திதி முடியும் நேரத்தில் மணிக்கணக்கில்கூட வேறுபடும். பூஜைக்கு உங்கள் வீட்டு வழக்கம் எதுவோ அதை வைத்துக்கொள்ளுங்கள், வானத்தைப் பார்க்கத் திருக்கணிதம்தான். இதைச் சொல்லும்போது ஒருவரை நினைக்காமல் இருக்க முடியவில்லை: நுங்கம்பாக்கத்தில் இருந்த மெட்ராஸ் வானோக்கு நிலையத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867-இல் ஆர் ரெட்டிகுலி என்கிற, வெளிச்சம் கூடிக் குறைகிற மாறொளி விண்மீனைக் கண்டுபிடித்தவர், பஞ்சாங்கத்தில் எழுதியிருப்பதும் வானத்தில் தெரிவதும் ஒத்துப்போக வேண்டும் என்று திருக்கணிதத்துக்காக உழைத்தவர். நம் ஊர்க்காரர், நம்மில் எத்தனை பேருக்குப் பெயர் தெரியும்?

நிலா உதிக்கும் நேரத்தை போனில் ஏதாவது ஒரு வானியல் ஆப்பில் பார்த்துக்கொள்ளலாம், அது இரண்டு நிமிஷ வேலை.

எந்தத் திசை, எந்த இடம்

நேர் கிழக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் ஏமாந்துபோவீர்கள். கோடையில் சூரியன் வடக்கே போயிருக்கிறது, முழுநிலா அதற்கு நேர் எதிரே நிற்பதால் தெற்கே ஒதுங்கி உதிக்கும். கையை முழுசாக நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் சுமார் 10 டிகிரி, நம்மிடம் இருக்கிற அளவுகோல் இதுதான். சித்திரைப் பௌர்ணமியில் நிலா கிழக்கிலிருந்து ஒன்றரை முஷ்டி வலப்பக்கம் வரும். ஆனியில் இரண்டரை மூன்று முஷ்டி வலப்பக்கம்.

சென்னைக் கடற்கரை நேர் வடக்கு தெற்காக இல்லை. எண்ணூரிலிருந்து மாமல்லபுரம் போகப் போகக் கரை மெல்ல மேற்கே சாய்கிறது, அதனால் கடலைப் பார்த்து நேராக நின்றால் நாம் பார்ப்பது கிழக்கிலிருந்து கொஞ்சம் தென்பக்கம். சித்திரை நிலா ஏறக்குறைய அங்கேதான் உதிக்கிறது. அதாவது அலைக்கு எதிரே அப்படியே நில்லுங்கள், அது நேரே உங்களிடம் வரும், தண்ணீரில் விழுகிற அந்த ஒளிப்பாதையும் உங்கள் காலடியில் வந்து முடியும்.

மெரினாவில் மணல் அகலம் அதிகம், துறைமுகம் கட்டிய பிறகு சேர்ந்த மணல் அது. அதனால் சாலை விளக்குகளை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டுத் தண்ணீர் வரை நடந்து போய்விடலாம். கடைகளைத் தாண்டாமல் நின்றால் பாதி கெட்டுப்போகும். பெசன்ட் நகரில் ஷ்மிட் நினைவு மண்டபம் இருக்கிறது, கடலில் சிக்கியவரைக் காப்பாற்றப் போய் 1930-இல் உயிரைவிட்ட கார்ல் ஷ்மிட்டுக்காகக் கட்டியது. அதற்கு மேற்கே தள்ளி நின்றால் வளைவுக்குப் பின்னால் நிலா வரும், படம் எடுப்பவர்களுக்கு இதைவிட நல்ல இடம் ஊருக்குள் இல்லை. கூட்டம் வேண்டாம் என்றால் திருவான்மியூர், பாலவாக்கம், நீலாங்கரை, இன்னும் போக முடிந்தால் கோவளம். மீனவர் குப்பங்களில் படகுகள் முன்னால் இருந்தால் காட்சி நன்றாக இருக்கும், ஆனால் அது அவர்கள் பிழைக்கிற இடம், வலைமேல் உட்காராதீர்கள், படம் எடுப்பதற்கு முன்னால் ஒரு வார்த்தை "அண்ணே, எடுத்துக்கட்டுமா" என்று கேட்டுவிடுங்கள். வடசென்னையில் திருவொற்றியூர்ப் பக்கம் பல இடங்களில் மணலே இல்லை, கருங்கல் கொட்டிய கரை. இருட்டில் குழந்தைகளோடு அந்தக் கல்மேல் ஏற வேண்டாம்.

பௌர்ணமியில் சூரியனும் நிலாவும் பூமியும் ஒரே கோட்டில் நிற்பதால் ஓதம் மற்ற நாளைவிட மேலே ஏறும், தண்ணீர் வழக்கத்தைவிட உள்ளே வரும். காலை நனைத்துக்கொள்ளுங்கள், இறங்காதீர்கள். நம் கடற்கரை அலைகள் நல்ல வெயில் நாளிலேயே ஆளை இழுக்கக்கூடியவை.

அந்த அரைமணி நேரம்

உதயத்துக்குக் கால்மணி நேரம் முன்னாலேயே போய் உட்காருங்கள். முதலில் திரும்பி ஊர்ப்பக்கம் பாருங்கள், சூரியன் கட்டடங்களுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருக்கும். அப்புறம் கடல்பக்கம். அடிவானத்துக்கு மேலே சாம்பல்நீலத்தில் ஒரு பட்டை, அதன்மேல் இளஞ்சிவப்பில் இன்னொன்று தெரியும். அந்தச் சாம்பல்நீலம் பூமியின் நிழல், காற்றுமண்டலத்தின் மேல் விழுந்து நமக்கே தெரிகிறது. நிலா அதற்குள்ளிருந்துதான் வரும்.

ஆப்பில் 6.28 என்று போட்டிருந்தால் 6.28-க்கே தெரியாது. கோடையில் கடல்மேல் ஈரப்பசையும் தூசியும் கலந்த மங்கல் ஒன்று கிடக்கும், நிலா அதைத் தாண்டி வர ஐந்து நிமிஷம் ஆகலாம், பத்துப் பதினைந்துகூட ஆகலாம். நிறையப் பேர் "இன்னிக்கு வராது போல" என்று எழுந்து போவது சரியாக இந்த நேரத்தில்தான். காத்திருங்கள். முதலில் தெரிவது வட்டம் அல்ல, செங்கல் நிறத்தில் ஒரு கறை, மேல்விளிம்பு மட்டும் கொஞ்சம் கூர்மையாக, அடிப்பகுதி மங்கலில் கரைந்துபோய். அதன்பிறகு அது எழும்பும் வேகம் ஆச்சரியமாக இருக்கும், இரண்டரை நிமிஷத்துக்குள் தன் முழு உயரத்துக்கு ஏறிவிடும். அந்தச் சமயம் கூர்ந்து பாருங்கள், வட்டமாக இருக்காது, மேலும் கீழும் அமுக்கிய ஆரஞ்சுப் பழம் போல இருக்கும். அடிவானத்தை ஒட்டிய காற்று ஒளியை வளைக்கிறது, கீழ்விளிம்பின் ஒளியை அதிகமாக, மேல்விளிம்பினுடையதைக் குறைவாக, அதனால்தான் இந்தச் சப்பை. அந்த வளைவு ஏறக்குறைய நிலாவின் அகலம் அளவுக்கே இருப்பதால், அடிவானத்தைத் தொட்டுக்கொண்டு நிலா நிற்பதாக நாம் பார்க்கும் கணத்தில் உண்மையான நிலா இன்னும் கீழேதான் இருக்கிறது!

சிவப்புக்கும் காரணம் அதே காற்றுதான். நீண்ட தூரம் காற்றுக்குள் வரும்போது நீலம் சிதறிப்போய்விடுகிறது, சிவப்பும் மஞ்சளும் மிஞ்சுகின்றன. செம்பு, மஞ்சள், வெள்ளை என்று அரைமணி நேரத்துக்குள் நிறம் மாறுவதை ஒரே இடத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் உண்டு.

குழந்தைகள் கூட இருந்தால் ஒரு சோதனை. உதிக்கும்போது நிலா பிரம்மாண்டமாகத் தெரியும் இல்லையா, கையை நீட்டிச் சுண்டுவிரல் நுனியால் அதை மறைக்கச் சொல்லுங்கள். முழுசாக மறைந்துவிடும். மூன்று மணி நேரம் கழித்து மாடியிலிருந்து மறுபடி அதே விரல், அதே அளவு. பெரிதாகத் தெரிவது நம் மூளையின் கணக்கு. சொல்லப்போனால் உதிக்கும்போது நிலா நமக்குக் கொஞ்சம் தூரத்தில்தான் இருக்கிறது, உச்சிக்கு வரும்போதுதான் நாம் அதற்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நெருங்குகிறோம். முழுநிலா பூமிக்கு நெருங்கி வருகிற 'சூப்பர் மூன்' என்று செய்தி வந்தால் போய்ப் பாருங்கள், ஆனால் அதற்காகவே காத்திருக்க வேண்டாம். நிலாவின் தூரம் சுமார் 3,56,500 கி.மீ. முதல் 4,06,700 கி.மீ. வரை மாறுகிறது, இந்த இரண்டு தூரத்துக்கும் இடையே நிலாவின் அகல வித்தியாசம் 14 சதவீதம், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தவிரக் கண்ணால் கண்டுபிடிப்பது கஷ்டம்.

நிலாவுக்குப் பக்கத்தில் யார்?

நம் மாதப் பெயர்கள் வானத்தைப் பார்த்து வைத்தவை. சித்திரையில் முழுநிலா சித்திரை நட்சத்திரத்தை ஒட்டி நிற்கும், வைகாசியில் விசாகத்தை ஒட்டி, ஆனியில் கேட்டை மூலம் பக்கம். ஏட்டில் படிப்பதைவிட நேரில் பார்த்தால் இது மனசில் நிற்கும். சித்திரைப் பௌர்ணமி அன்று எட்டு மணிக்கு மேல் நிலாவை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு அதற்கு மேலே ஒன்றிலிருந்து மூன்று முஷ்டி தூரத்துக்குள் தேடுங்கள், நீலவெள்ளையில் தனியாக ஒரு நட்சத்திரம், அதுதான் சித்திரை. இடப்பக்கம் மேலே ஆரஞ்சாக, அதைவிடப் பிரகாசமாக நிற்பது சுவாதி. வைகாசியில் நிலா ஏறிய பிறகு வலப்பக்கம் கீழிருந்து சிவப்பாக ஒன்று வரும், கேட்டை.

இதை ஒட்டித்தான் நம் விழாக்களும். பழைய பூம்புகாரில் இந்திர விழா சித்திரை நிலாவோடு தொடங்கியது. மதுரையில் அழகர் ஆற்றில் இறங்குவது இந்தப் பௌர்ணமியை ஒட்டி. தேனிப் பக்கம் கேரள எல்லையில் இருக்கும் மங்கலதேவி கண்ணகி கோட்டம் வருஷத்தில் இந்த ஒருநாள்தான் பக்தர்களுக்குத் திறக்கிறது. சித்ரா பௌர்ணமி சித்திரகுப்தனுக்கு உரிய நாள், காஞ்சிபுரத்தில் அவருக்குக் கோயிலே இருக்கிறது. வீட்டில் ஏடும் எழுத்தாணியும் வரைந்து, உப்பில்லாமல் சாப்பிட்டு விரதம் இருப்பார்கள், "மலையளவு செய்த பாவத்தைக் கடுகளவாக எழுது, கடுகளவு செய்த புண்ணியத்தை மலையளவாக எழுது" என்று வேண்டிக்கொள்வார்கள். வைகாசியில் முருகனுக்கு விசாகம், வடபழனியில் பிரம்மோற்சவம் நடக்கும். புத்தர் பிறந்ததும் ஞானம் பெற்றதும் பரிநிர்வாணம் அடைந்ததும் வைகாசி முழுநிலா நாளில் என்பது பௌத்தர்கள் நம்பிக்கை, எழும்பூர் கென்னட் லேனில் மகாபோதி சொசைட்டி இருக்கிறது. ஆனியில் காரைக்கால் மாங்கனித் திருவிழா, மாடிகளிலிருந்து மாம்பழங்களை இறைப்பார்கள்.

சென்னைக்கே உரிய பௌர்ணமி வழக்கம் ஒன்று உண்டு. காலையில் மீஞ்சூர் பக்கத்து மேலூரில் திருவுடையம்மன், உச்சிவேளையில் திருவொற்றியூரில் வடிவுடையம்மன், சாயங்காலம் வடதிருமுல்லைவாயிலில் கொடியிடையம்மன் என்று ஒரே நாளில் மூன்று கோயில்கள். இதையும் கடற்கரையையும் ஒரே நாளில் சேர்ப்பது முடியாத காரியம், முல்லைவாயிலிலிருந்து கடற்கரைக்கு டிராபிக்கில் நேரத்துக்கு வந்து சேர மாட்டீர்கள். ஒரு மாதம் அது, அடுத்த மாதம் இது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நிலாவுக்குள் என்ன பார்ப்பது

வடை சுடும் பாட்டியைத் தேடுவது எல்லாருக்கும் தெரியும். பாட்டி ராத்திரி முழுக்க ஒரே மாதிரி உட்கார்ந்திருப்பதில்லை என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? கடலில் உதிக்கும்போது நிலாவின் மேல்விளிம்பை ஒட்டிச் சின்னதாக, தனியாக ஒரு கரும்புள்ளி தெரியும், பெயர் மேர் கிரிசியம். நள்ளிரவில் தெற்கு நோக்கிப் பார்த்தால் அதே புள்ளி வலப்பக்கம் போயிருக்கும். விடியற்காலையில் மேற்கே இறங்கும்போது கீழே வந்திருக்கும். நம்மைப் போல நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு இந்தத் திருப்பம் நன்றாகவே தெரியும். அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் இருக்கிற பெரிய கரும்பரப்பில்தான் 1969 ஜூலையில் அப்பல்லோ 11 இறங்கியது. உதிக்கும்போது வலது ஓரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளியிலிருந்து கதிர்கள் பிரிவது பைனாகுலரில் தெரியும், அது டைக்கோ பள்ளம். அதையும் தாண்டி இன்னும் ஓரத்தில், தென்துருவப் பக்கம், 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 இறங்கிய இடம். கிளம்பியது நமக்கு வடக்கே இருக்கிற ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து, திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். இதைச் சொல்லிக் காட்டும்போது குழந்தைகள் முகத்தைப் பாருங்கள்.

பைனாகுலர் போதும், டெலஸ்கோப் இதற்காக வாங்காதீர்கள். முழுநிலாவில் வெளிச்சம் நேராக விழுவதால் நிழல் இருக்காது, நிழல் இல்லையென்றால் பள்ளமும் மேடும் தெரியாது. பள்ளங்களைப் பார்க்க வளர்பிறை அஷ்டமிதான் நாள்.

போனில் படம் எடுப்பவர்களுக்கு: திரையில் நிலாவைத் தொட்டு வெளிச்சத்தை நன்றாகக் கீழே இழுங்கள், இல்லையென்றால் வெறும் வெள்ளைப் பொட்டுதான் கிடைக்கும். உதயமாகி முதல் இருபது நிமிஷத்துக்குள் எடுங்கள், ஒரு படகோ மனிதரோ முன்னால் இருக்கட்டும். பிளாஷ் வேண்டாம், டார்ச்சும் வேண்டாம். ஏப்ரலில் இந்த மணலில் ஆமைக் குஞ்சுகள் வெளிவரும், வெளிச்சமான பக்கத்தைக் கடல் என்று நம்பித்தான் அவை நடக்கும்.

மொட்டை மாடியில்

கடற்கரையிலிருந்து வீடு வந்து மாடிக்குப் போங்கள். புளியோதரை, தயிர்சாதம், வடாம், மாவடு. அம்மாவோ பாட்டியோ பெரிய பாத்திரத்தில் பிசைந்து, சுற்றி உட்கார்ந்திருப்பவர்களின் கையில் ஒவ்வொரு உருண்டையாக வைக்கிற பழக்கம் இன்னும் இருக்கிற வீடென்றால் அதை விட்டுவிடாதீர்கள். கடல்காற்று இருக்கும், மாடி விளக்கை அணைத்துவிட்டால் சோறு சாப்பிட நிலா வெளிச்சமே போதும்.

பன்னிரண்டு மணி வரை விழித்திருந்தால் இன்னொன்றைக் கவனியுங்கள். ஏப்ரல் 24-ஐ ஒட்டிச் சென்னையில் உச்சிப்பொழுதில் சூரியன் தலைக்கு நேர்மேலே வரும், நிமிர்ந்து நிற்கிற கம்பத்துக்கு நிழலே விழாது. அதே சமயத்து முழுநிலா தலைக்கு மேல் வருவதில்லை, தெற்கே சாய்ந்தே போகும். ஆனியில் இன்னும் தாழ்வாக, பாதி வானத்துக்குக் கொஞ்சம் மேலேதான் அதன் உச்சம். மார்கழியிலோ நேர்மாறு, நிலா தலைக்கு மேலே போய் வடக்கே கூடச் சாயும். பகலில் சூரியன் போகும் உயரத்தை ராத்திரியில் நிலா திருப்பிப் போடுகிறது. தென்பக்கம் பால்கனி உள்ளவர்களுக்குக் கோடை நிலா வீட்டுக்குள்ளேயே விழும், வடக்குப் பார்த்த வீட்டுக்காரர்கள் மாடிக்குத்தான் போக வேண்டும்.

மேகம் வந்துவிட்டால்

சித்திரையில் பெரும்பாலும் தொல்லை இருக்காது. ஜூனில் சாயங்கால இடிமழை மேற்கிலிருந்து வரும், ஊருக்குள் தூறினாலும் கடல்பக்கம் வெளுத்திருக்கலாம், அதனால் ஜன்னல் வழியாகப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். அன்று தவறினால் மறுநாள் போகலாம், நிலா சுமார் 50 நிமிஷம், சில மாதம் ஒரு மணி நேரம் தாமதமாக வரும். வானம் இருட்டிவிட்டிருக்கும் என்பதால் கடலில் ஒளிப்பாதை இன்னும் பளிச்சென்று விழும், சிவப்பும் அதிகம். அதற்கும் வாய்ப்பில்லை என்றால் பௌர்ணமிக்கு மறுநாள் காலை ஐந்தேகாலுக்கு எழுந்து, மேற்குப் பார்த்த மாடியோ ஏரிக்கரையோ மேம்பாலத்து ஓரமோ எங்கே பாதுகாப்பாக நிற்க முடியுமோ அங்கே நில்லுங்கள். நிலா மேற்கே சிவந்து இறங்கும், முதுகுப்பக்கம் விடிந்துகொண்டிருக்கும். அந்த நேரத்துக்கு ரோட்டில் டிராபிக்கும் இருக்காது.